படகைப் பார்த்து நீந்தியவள்

என் தங்கை இசைவாணி சென்ற ஆண்டு ஐந்து கிலோமீட்டர் கடல் நீச்சலில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மூன்று முறை மாவட்டப் பதக்கம் வாங்கியிருக்கிறாள். எங்கள் வல்லம் வடகால் பக்கம் அவள் பழக நீச்சல் குளம் கிடையாது, ஏரிதான். கோடையில் அதுவும் வற்றிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சென்னைக்குப் போய் நீந்திவிட்டு வருவாள். அப்படி வாங்கியவை இவை.

எங்கள் அப்பா வெங்கடேசன் கம்பெனி வேன் ஓட்டுகிறார். காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வந்து, வாணி நீந்தி முடிக்கும்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பார். நீச்சல் குளத்தில் இருப்பதுபோல ஏரியில் அடியில் கோடு இருக்காது. அவ்வப்போது தலையைத் தூக்கி எதையாவது குறிவைத்துத்தான் நேராகப் போக வேண்டும். எதிர்க்கரைக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிதான் அவளுக்குக் குறி.

பதினாறு வயதில் கோவளத்தில் முதல் கடல் போட்டி. அலைக்கு நடுவே மிதவையும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. ஒரு நீலப் படகு தெரிந்தது. அதையே குறியாக வைத்துக்கொண்டாள். அது வலை இழுக்கப் போகும் படகு. அது நகர நகர இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள். காவல் படகு தேடிப் பிடித்து ஏற்றி வந்தபோது அப்பா செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

என்னோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்யும் பேச்சிராஜ் தூத்துக்குடிக்காரன். இதைக் கேட்டதும், "மாட்டு வாலப் பிடிச்சிக்கிட்டு மாட்டுக்கிட்டயே வழி கேட்ட கதையால்லா இருக்கு" என்றான். வீட்டில் சொன்னேன். வாணி சிரித்தாள், அப்பா சிரிக்கவில்லை.

பதினெட்டு நிறையாதவர்கள் கடலில் இறங்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதன்பின் அப்பா போடவில்லை, அம்மாவையும் போடவிடவில்லை. இரண்டு போட்டிகள் வந்து போயின. வாணி சண்டை பிடிக்கவில்லை. கரையில் ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னாலிருக்கும் மின்கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து நீந்தப் பழகினாள். இரண்டும் விலகித் தெரிந்தால் நேர்வழியிலிருந்து ஒதுங்கிவிட்டதாக அர்த்தமாம்.

பதினெட்டு முடிந்ததும் அடுத்த கடல் போட்டியின் படிவத்தை அப்பா முன் வைத்தாள். இனி அவர் கையெழுத்து தேவையில்லை, அவளே போட்டால் போதும்.

"அப்புறம் இன்னாத்துக்கு என்னாண்ட காட்ற?" என்றார்.

"நீ வேணான்னா நான் போடமாட்டேன்பா."

அப்பா படிவத்தை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு, காவல் படகில் தன்னையும் ஏற்றிக்கொள்வார்களா என்று கேட்டார்.

"வேணாம்பா. நீ படகுல இருந்தா நான் உன்னையே பாத்துக்கினு வருவேன். நீ கரையிலயே நில்லு."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் போட்ட கையெழுத்துகளை நான் சேர்க்கவில்லை. தன் உயிருக்குத் தானே பொறுப்பு என்று இசைவாணி முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.