மூணு அடி போதுமா

திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் சட்டைக் காலர் தைத்துக் கட்டியது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் பத்திரத்தில் நான் கைநாட்டு வைக்கவில்லை, என் பெயரை நானே எழுதினேன். மனை பார்க்கக் கோடையில் போனோம். காய்ந்த தரையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஒரு தரம் வந்து பார்ப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரர் படுத்து நாலு வருஷம். போன மழையில் தண்ணீர் அவர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்கவைத்து, நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். பாதிப் படியில் அவர் என்னைப் பார்த்த பார்வையை யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு தரம் அதைப் பார்க்க என்னால் முடியாது.

அதனால் வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்தித் தரும் மேஸ்திரி ஒருவரை வரச் சொன்னேன். அவர் டேப்பைச் சுவரில் வைத்தபோது, சர்ச்சிலிருந்து நேராக வந்த என் தம்பி ஆரம்பித்தான்.

"இன்னாத்துக்குக்கா இதெல்லாம்? மழ வரும், பூடும். நம்ம சின்ன வயசுல ஏரி ஒடையலையா? கர்த்தர் பாத்துக்குவாரு."

மாடியில் குடியிருக்கும் பெண் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

"இது அந்த மழை இல்ல அண்ணாச்சி. மனுசங்க நிலக்கரி, பெட்ரோல்னு எரிச்சு எரிச்சு பூமி சூடாயிட்டு. சூடான காத்து தண்ணிய நெறயச் சுமக்கும், ஒரேயடியாக் கொட்டும்."

"வானத்த மாத்தறதுக்கு மன்சன் இன்னா அவ்ளோ பெரிய ஆளா? விஞ்ஞானிங்களே ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க."

"யாரு சொன்னா? அளந்து பாத்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஒண்ணுதான் சொல்லுதாங்க. டிவியிலதான் ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர உக்கார வைக்காங்க. பாக்கிறவங்களுக்குச் சரிபாதின்னு தோணும்."

"எல்லாரும் சேந்து தப்பா சொல்லக்கூடாதா?"

"உங்க மாமாவுக்கு எல்லா டாக்டரும் பக்கவாதம்னு சொன்னப்போ இப்படித்தான் கேட்டீங்களா?"

மேஸ்திரி சிரித்தார். "அண்ணாத்தே, யாரு ஜெயிச்சாலும் மூணு அடி தூக்கணும். அத சொல்லு."

தம்பி ஜெயிக்க வேண்டும் என்றுதான் நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் சொல்வது மெய்யானால் இது வந்து போகும் கெட்ட காலம். ஆனால் அவன் பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினான். அந்தப் பெண்ணிடம் திரும்பினேன்.

"மன்சன் செஞ்சதுன்னா மன்சனே நிறுத்திடலாம் இல்லம்மா?"

"இனிமே கூடாமத் தடுக்கலாம் ஆன்ட்டி. ஏறின சூடு நம்ம காலத்துல எறங்காது."

"அப்போ மூணு அடி போதுமா?"

அத்தனைக்கும் பதில் வைத்திருந்தவள் டேப்பையே பார்த்தாள். "இந்த வீட்டுக்கு இவ்வளவுதான் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

மேஸ்திரியிடம் ஐந்து அடி கேட்டேன்.

"பழைய செவுரும்மா. மூணுக்கு மேல போனா விரிசல் உட்ரும்."

மழைக்கு முன்னால் முடித்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லி உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் குழறுவது எனக்குத்தான் புரியும்.

"எவ்ளோ?"

"போதுமான அளவுக்கு," என்றேன்.

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.