சாய்த்துப் பிடித்த டார்ச்

அந்த டாக்டரை நினைத்தால் அவர் முகம் முதலில் வருவதில்லை. சட்டைப் பையில் செருகியிருந்த பேனா அளவு டார்ச்தான் வருகிறது. அதை அவர் நேராகப் பிடித்து நான் பார்த்ததில்லை. பல்லுக்குப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் மேலே வழுக்கிக்கொண்டு போகும்படி சாய்ப்பார். நேர் வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லாத பல்லில், சாய்த்ததும் குறுக்கே ஒரு பள்ளக் கோடு எழும்பி வரும். மூன்று வருடமாக நான் அந்தக் கோட்டுக்குப் பயந்துகொண்டிருந்தேன். பத்தாவது மாடிச் சாரத்தில் கைப்பிடி இல்லாமல் நடக்கிற ஆள் நான். மயிரிழைக் கோட்டுக்குப் பயந்தேன் என்றால் சைட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்போது பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தோம். நான் சைட் இன்ஜினியர். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஜேசிபி சட்டென்று நின்றது. அதை ஓட்டுகிற அண்ணன் பூந்தமல்லிக்காரர், வாய் ஓயாத மனிதர். அன்று சத்தமில்லாமல் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். “சார், மண்ட ஓடு கீது சார். ஒண்ணு ரெண்டு இல்ல.” முதலாளிக்குப் போன் போட்டேன். மூடிவிட்டு வேலையைப் பார் என்றார். உண்மையைச் சொன்னால், நான் மூடியிருப்பேன். அந்த அண்ணன்தான் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “ஸ்டேசன்ல சொல்லிடு சார். இவுங்க மேல வண்டிய ஏத்திகினு நான் எப்டி சார் ஊட்டுக்குப் போவேன்?”

போலீஸ் வந்தது. கொலையாக இருந்தால் முதல் சாட்சி நான்தானே என்று பயந்தேன். எலும்புகளைப் பார்த்த இன்ஸ்பெக்டர், ரொம்பப் பழசு போலிருக்கிறது, எலும்பு பார்க்கிற டாக்டர் நாளைக் காலை வருவார், அதுவரை எதையும் தொடக்கூடாது என்றார். ஜேசிபி ஏற்கெனவே கிளறிப் போட்டவற்றை மட்டும் சிமென்ட் கொட்டகையில் தார்ப்பாய் விரித்து வைத்தோம்.

அன்று சாயங்காலம் செய்ததைத்தான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை. தார்ப்பாயில் ஒரு சின்னக் கீழ்த்தாடை கிடந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. வாயிருந்த இடம் முழுக்கக் களிமண் அடைத்திருந்தது. என் மகளுக்கு அப்போது நாலு வயது. அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. எங்கள் தொழிலில் சுத்தம் என்றால் ஒரே வழிதான். வீட்டை ஒப்படைக்கும் முன்பு, தரையில் ஒட்டிய சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவோம். ஒரு மக்கில் ஆசிட் எடுத்து அந்தத் தாடையின் மேல் ஊற்றினேன். புசுபுசுவென்று நுரைத்தது. அழுக்குதான் போகிறது என்று இன்னொரு மக்கும் ஊற்றினேன். கழுவி எடுத்தபோது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் வந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அதிர்ந்து பேசாத பெண். ஒரு வாரம் குழிக்குள் மண்டியிட்டே வேலை செய்தார். ஆளுக்கொரு பக்கம் என்று நோட்டில் எழுதினார். ஒரே குழியில் பெரியவர்களும் குழந்தைகளும் தலை ஒரு திக்கு, கால் ஒரு திக்காகக் கிடந்தார்கள். வெட்டுக்காயம் யாருக்கும் இல்லை. கண்குழியின் மேற்கூரையில் பொடிப் பொடியாய் ஓட்டைகளைக் காட்டினார். ரத்தசோகை பிடித்த உடம்பில் அப்படி வருமாம். ஒரு பெரிய ஆளின் தோள் எலும்பு தடித்து மேடிட்டிருந்தது. சுமை தூக்கியே வாழ்ந்தவர் என்றார். அவர் பல்லில் மூன்று கோடுகள்.

“பல்லு வளர்ற வயசுல சாப்பாடு இல்லைன்னா வளர்ச்சி அப்படியே நின்னுடும் சார். திரும்பக் கிடைச்சா வளரும். ஆனா நின்ன இடம் கோடா தங்கிடும். இவர் சின்ன வயசுல மூணு தடவை பொழைச்சிருக்கார்.” அப்புறம் அவராகவே, “பட்டினியா, பெரிய நோயான்னு கோடு மட்டும் சொல்லாது,” என்றார். அந்தப் பக்கம் பழைய பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி ஒன்று இருந்ததாக வருவாய்த்துறைக் காகிதத்தில் ஒரு வரி கிடைத்திருந்தது. கஞ்சியைத் தேடி நடந்து வந்தவர்களாக இருக்கலாம் என்றார். அதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்கு என் மகளின் ஞாபகம் வந்தது. கொரோனா ஊரடங்கில் சைட்டை மூடி, சம்பளம் நின்றபோது அவளுக்கு ஒன்றரை வயது. ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிர் மண்டபத்தில் சாப்பாடும் அரிசியும் கொடுத்தார்கள். என்னிடம் வேலை பார்த்த கொத்தனார்கள் அந்த வரிசையில் நின்றார்கள். இன்ஜினியர் நான், பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாலில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. குழந்தை அழுவதைக்கூட விட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். “அந்தக் கோடு எப்ப தெரியும் மேடம்?” என்று கேட்டேன். நிலைப்பல் முளைக்கும்போது, ஆறு ஏழு வயதில் என்றார்.

கடைசி நாள் அந்தச் சின்னத் தாடையை எடுத்தார். டார்ச்சை எவ்வளவோ சாய்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. “முளைக்காத பல்லு உள்ளேயே இருந்திருக்கு. இந்தக் குழந்தையோட கடைசி வருஷங்கள் அதுலதான் இருந்திருக்கும். எல்லாம் கரைஞ்சுபோச்சு. யார் இதைக் கழுவினது?” ஜேசிபி அண்ணன் ஓரத்திலிருந்த ஆசிட் கேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “தெரியலை மேடம்,” என்றேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நோட்டில் அந்தக் குழந்தைக்கான பக்கத்தில் வயது மட்டும் எழுதினார். மற்ற இடம் காலி. அத்தனை பேருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது, அந்தக் குழந்தையின் வாயை மட்டும் நான் அடைத்துவிட்டேன்.

போன மாதம் என் மகளுக்கு முன்பற்கள் முழுசாக வந்துவிட்டன. பல் தேய்க்கும்போது போன் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். “என்னப்பா டெய்லி பாக்குற?” என்று சிணுங்கினாள். இரண்டு பல்லிலும், ஒரே உயரத்தில், கோடு இருந்தது.

பல் டாக்டர் பெரிய விளக்கை நேராக இறக்கிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு?” கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். அவருக்கும் தெரிந்தது. “இதுக்கா பயந்தீங்க? லேசா ஆசிட் வெச்சுட்டு மேல பூசிடலாம். கோடே தெரியாது.” நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வேண்டாம், வேண்டாம் என்றேன். மகள் மிரண்டு என் சட்டையைப் பிடித்தாள். சரி என்று சிரித்துவிட்டு டாக்டர் பேனாவை எடுத்தார். “கார்டுல காரணம் எழுதணும். ஒன்றரை, ரெண்டு வயசுல பெரிய காய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு எனக்காக, “ஆமா டாக்டர், காய்ச்சல்தான்,” என்றாள்.

“காய்ச்சல் இல்ல டாக்டர்,” என்றேன். “அப்ப வீட்ல சாப்பாடு இல்ல. எதிர்லயே குடுத்தாங்க. போய் வாங்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அப்படியே எழுதிக்கோங்க.”