கலக்காத சரக்கும் கட்டாத பாலமும்

சவரிமுத்துவைக் கொன்றது காய்ச்சல் அல்ல. கட்டப்படாத ஒரு பாலம். காய்ச்சல் அவருக்கு முன்பும் வந்திருக்கிறது; பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குணமாகித் திரும்பியும் இருக்கிறார். இந்த முறை ஓடையில் வெள்ளம். கட்டிலோடு தூக்கி வந்தவர்கள் கரையில் இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். வடிவதற்குள் அவர் போய்விட்டார்.

புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்து வாசலில், எங்கள் தெரு ஏழுமலை ஈர வேட்டியோடு வந்து நின்றான்.

"சவரி அண்ணன் பூட்டாருப்பா."

"எங்கே?"

"ஓடைக்கரையில. அக்கரையில ரோடு தெரியுது. நமக்குன்னு சொல்லி வச்ச வண்டி கூட நிக்குது." கையில் இருந்த ஈய எழுத்துகளைக் கீழே வைத்துவிட்டு அவனோடு கிளம்பினேன்.

கரியமாணிக்கத்துக் கூலிக்காரர் தெருவில் அவரோடு வாழ்ந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஊர் அவரைச் 'சொல்தா', அதாவது சிப்பாய், என்று கூப்பிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போனவர். அங்கே துப்பாக்கி பிடித்ததைவிட அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையில் தட்டு ஏந்தியதுதான் அதிகம். திரும்பி வந்து எல்லோரையும் போலப் பண்ணையில் கரும்பு வெட்டினார். பட்டாளத்து ஆள் வயலில் குனியலாமா என்று யாராவது சீண்டினால், "அங்கயும் குனிஞ்சிதான் நின்னேன். இங்க வெயிலு ஜாஸ்தி, அவ்ளோதான்" என்பார்.

மழைக்காலம் வந்தால் எங்கள் தெரு தீவாகிவிடும். ஓடையைத் தாண்டினால்தான் சாலை, வைத்தியர், சந்தை. பாலம் கேட்டு நான் மனு மேல் மனு எழுதினேன். பதில் இல்லை. ஒரு வருஷம் புது இன்ஜினியர் வந்திருந்தார், வெள்ளைக்காரர்; 'ஐயா' என்பதற்கு 'முசே' என்று கூப்பிட வேண்டும். சனவரி முதல் தேதி எலுமிச்சம்பழமும் மாலையும் கொண்டு அதிகாரிகளைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதோடு ஒரு நல்ல விஸ்கிப் புட்டியும் கொடுப்பது என்று தெருவில் முடிவு செய்தார்கள். எனக்கு ஆத்திரம்.

"பாலம் கட்றது அவங்க வேலை. அதுக்குப் புட்டி எதுக்குண்ணே?"

"தம்பி, நீ எழுதின மனுவ எவன் படிச்சான்? புட்டின்னா லேபிளையாவது படிப்பான்" என்றார் சவரி அண்ணன்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அறுவடைக் கூலி நெல்லில் வீட்டுக்கு வீடு ஒதுக்கி, விற்று, பட்டணத்துக்குப் போனோம். சாராயக் கடைக்காரர் முதலில் எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு தங்க எழுத்துப் போட்ட ஒரு பிராந்திப் புட்டியை எங்கள் முன் தள்ளினார். சவரி அண்ணன் தலையை ஆட்டினார். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் அல்ல அவர். குடித்தவர்களுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"பிராந்தி உள்ள போனா மேசைய குத்துவான். கலந்து வுட்ட விஸ்கின்னா மறுநாள் தலவலியில நம்மள உதைப்பான். ஒரே ஆலையில, கோதுமை மாதிரி ஒரு தானியத்த ஊற வச்சு வடிச்சு, வேற எதையும் சேக்காம அடைச்சு வைப்பானுங்க பாரு, அது குடு. அத குடிச்ச அதிகாரி ஜன்னலாண்ட உக்காந்து அம்மாவுக்குக் கடுதாசி எழுதுவான். நாம தட்ட கீழ போட்டா கூட பரவால்லம்பான்."

கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். "தொரைங்களே யோசிச்சு வாங்கற சரக்கு இது. உனக்கு இன்னாத்துக்குபா?"

"எனக்கு இல்லபா. எங்க ஓடைக்கு."

எங்கள் தெருவில் யாருக்காவது கள்ளோ சாராயமோ கொடுத்தால், கொடுப்பவன் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். ருசி பார்க்காமல் கொடுப்பது பகையாளிக்குக் கொடுப்பது. இன்ஜினியர் வீட்டுத் தாழ்வாரத்தில், வயதில் மூத்தவர் என்று புட்டியைக் குப்பன் பெரியப்பா கையில் கொடுத்தோம். யாரும் தடுப்பதற்குள் அவர் ஈயத்தாளைப் பல்லால் கிழித்து, தக்கையைப் பிடுங்கி, ஒரு மிடறு குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"நல்ல சரக்கு முசே. வவுத்த ஒண்ணும் பண்ணாது."

"எச்ச பண்ணிட்டியேடா!" என்று இன்ஜினியரின் குமாஸ்தா கத்தினார். சவரி அண்ணன் தன் பட்டாளத்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இன்ஜினியர் சிரித்தார். கண்ணாடித் தம்ளர் கொண்டுவரச் சொல்லி, அந்தப் புட்டியிலிருந்தே ஊற்றிக் குடித்தார். அதை நான் மறைக்க மாட்டேன். குடித்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு சைகோனைப் பற்றி விசாரித்தார். குரல் மெதுவாக இருந்தது. சவரி அண்ணன் சொன்னது பலித்தது. அதே மெதுவான குரலில், இந்த வருஷத்துப் பாலம் பண்ணையின் கரும்பு வண்டிகளுக்கு ஒதுக்கியாயிற்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

திரும்பும்போது குப்பன் பெரியப்பா அழுதார். "நான் வாய் வச்சதாலதான்டா கெட்டுது."

"இல்ல பெரிப்பா. சரக்கு வேலை செஞ்சுது. மனுஷன் எளகினான். நாற்காலி எளகல" என்றார் சவரி அண்ணன்.

பண்ணையின் பாலம் வந்தது. எங்களுக்கான அடுத்த வருஷம் வரவில்லை. கட்டிலை இறக்கி வைத்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் பாலம் தெரியும். பண்ணை வேலிக்கு உள்ளே இருக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லி ஏழுமலை கெஞ்சியிருக்கிறான். சேரிக் கட்டில் போக வழி இல்லை என்று காவல்காரன் சொல்லியிருக்கிறான்.

காலிப் புட்டியை இன்ஜினியரின் சமையல்காரரிடம் கேட்டு வாங்கி வந்து, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வைத்திருந்தார் சவரி அண்ணன். அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி அருள்மேரி அதை என் கையில் கொடுத்தார். "நீ எடுத்துக்கினு போப்பா. வூட்டுல இருந்தா பாக்க முடியல." அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஓடைத் தண்ணீரை அதில் நிரப்பிக்கொண்டு இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போனேன். அதே மனிதர், அதே நாற்காலி. எங்கள் தெரு வழக்கப்படி முதலில் நான் ஒரு மிடறு குடித்தேன். பல்லில் மண் நறநறத்தது. இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நீங்கள் குடித்த அதே புட்டி, முசே. தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் இன்று இல்லை. குடித்துவிட்டுச் சொல்லுங்கள், எங்கள் பாலம் எப்போது?"

குமாஸ்தா அதை பிரெஞ்சில் சொன்னார். இன்ஜினியர் புட்டியை அடையாளம் கண்டுகொண்டார்; முகத்தில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கையை இறக்கவில்லை. மறுபடியும் கேட்டேன்:

"எங்கள் பாலம் எப்போது?"