இரண்டு தமிழுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் பணிப்பாளர் பேசும் ஆங்கிலத்தைத் தமிழாக்குவதுதான் வேலை. ஆனால் அதிகமாக நான் மொழிபெயர்த்தது தமிழிலிருந்து தமிழுக்கு.

எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் காத்தான்குடிக்காரர், முஸ்லிம். லொறிச் சாரதி குருக்கள்மடத்துக்காரர், தமிழர். ஒரு நாள் காலை அடைமழையில் முகாமில் கூரைக்குப் போடும் தறப்பாள் ஏற்ற வந்த சாரதியிடம், படிவத்தில் கையெழுத்து இல்லையென்று சொல்லிக் களஞ்சியக்காரர் களஞ்சியத்தைத் திறக்க மறுத்துவிட்டார். கையெழுத்து வந்துசேர மத்தியானமாகிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"மிஸ், லொறி ரெடியெண்டு அவரிட்டச் சொல்லுங்க" என்பார் சாரதி. களஞ்சியக்காரர் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நிற்பார்.

"எத்தின மணிக்குப் போறாரெண்டு கேளுங்க தங்கச்சி" என்பார் களஞ்சியக்காரர்.

நானும் கேட்டுச் சொல்வேன்.

இதைக் கவனித்த பணிப்பாளர், ஊழியர்களிடையே ஒற்றுமையை வளர்க்கக் கொழும்பிலிருந்து தமிழ் தெரியாத ஒரு பயிற்றுநரை அழைத்தார். அவர் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து இறங்கினார். வாவிக்கரை மண்டபத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழச் சொன்னார். பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிப்பாராம். அப்படித்தான் நம்பிக்கை வளருமாம்.

ஒருவரும் அசையவில்லை. தேநீர் ஊற்றும் அக்காதான் வாய் திறந்தார். "கடல் தள்ளி விழுத்தினது போதாதெண்டு இனி நாங்களா விழோணுமாமா?"

"எல்லாருக்கும் கொஞ்சம் களைப்பு" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்தது சீட்டுக் குலுக்கல். தனக்கு வந்த சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் தான் மதிக்கும் ஒரு குணத்தை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். நான் அதை எல்லோருக்கும் முன்னால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சாரதியின் கையில் போயும் போயும் களஞ்சியக்காரரின் பெயர்தான் அகப்பட்டது. பேனையை அழுத்தி எழுதினார். வாங்கிப் பார்த்தேன்.

'கையெழுத்து இல்லாவிட்டால் பெற்ற தாய்க்கும் ஒரு தறப்பாள் கொடுக்கமாட்டார்.'

பயிற்றுநர் ஆவலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் நேர்மை தவறாதவர். பெற்ற தாயென்றாலும் பாரபட்சம் காட்டமாட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

களஞ்சியக்காரர் சவூதியில் பல வருடம் வேலை செய்தவர், ஆங்கிலம் விளங்கும். அவர் முகம் ஒரு மாதிரியாகி, கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டொப்', 'ரிவேர்ஸ்' மட்டும் தெரிந்த சாரதி, தன் முறைப்பாட்டைச் சபை ஏற்றுக்கொண்டதென்று நினைத்து எழுந்து நின்று தலையாட்டினார்.

மறுநாள் களஞ்சியக்காரர் வீட்டிலிருந்து புரியாணி கொண்டுவந்து சாரதியின் முன்னால் வைத்தார். வாய் நிறையச் சோற்றோடு சாரதி என் காதுக்குள் சொன்னார்: "பாத்தீங்களா மிஸ், பெரியாக்களுக்கு முன்னால போட்டுக்குடுத்ததும் ஆள் பயந்திற்றார்."

இரண்டு வாரத்தில் என் தமிழ்-தமிழ் வேலை போய்விட்டது. பணிப்பாளர் பூரித்துப்போய்த் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சீட்டுகளையெல்லாம் கூடத்துச் சுவரில் ஒட்டியும் வைத்தார். ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் சாரதியின் சீட்டைக் கிழிக்கப் போனேன். பின்னால் களஞ்சியக்காரர் நின்றார்.

"தங்கச்சி, எனக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும்."

நான் சீட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"ஒட்டின அண்டைக்கே வாசிச்சிற்றன். முதல்ல கோவம்தான் வந்திச்சு. மறுகா யோசிச்சன். அவர் தனக்கா கேட்டவர்? மழையில நனைஞ்ச சனத்துக்குத்தானே கேட்டவர்." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "அவரிட்டச் சொல்லிராதீங்க. நான் பயந்திற்றனெண்டு ஆள் நல்ல சந்தோசமா இரிக்கார்."

சொல்லவேயில்லை.

பிறகு சண்டை மூண்டு வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது இருவரும் ஒரே லொறியில் திரிந்தார்கள். முகாம் வாசலில் சாரதி குனிந்து நிற்பார். களஞ்சியக்காரர் அவர் முதுகில் படிவத்தை வைத்து எழுதுவார். "கெதியா எழுதுங்க காக்கா, கூசுது" என்று, காத்தான்குடியார் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுச் சாரதி நெளிவார். வரிசையில் கோப்பையோடு நிற்கும் சனமும் சிரித்துவிடும்.

யுத்தம் முடிந்து அலுவலகத்தையும் மூடினார்கள். களஞ்சியக்காரர் காத்தான்குடியில் ஒரு சாமான் கடை போட்டார். சாரதி கல்முனை றோட்டில் வான் ஓட்டினார். ஒரு தரம் நானும் அதில் ஏறினேன். அந்தக் கடைக்கு முன்னால் வானை நிறுத்திவிட்டு, "ரெண்டு நிமிசம்" என்று இறங்கிப் போனார். கால் மணித்தியாலமாகியும் ஆளைக் காணவில்லை. உள்ளே இருவரும் பால் இல்லாத பிளேன்ரீயை வைத்துக்கொண்டு எதற்கோ சத்தமாக வாதாடுவது கேட்டது. வானுக்குள் சனம் ஏசத் தொடங்கியது. எனக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து ஏசினேன்.