எந்த ஊர் என்று கேட்ட மருமகள்

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் நகரப் புவியியல் படிக்கிறாள். எட்டாவதோடு நின்று, திருக்கனூர் கடைத்தெருவில் விதையும் உரமும் விற்கிற எனக்கு அந்தப் படிப்பின் பெயரே சந்தேகமாகத்தான் இருந்தது. நகரத்தைப் படிக்கிறவள், ஒரு தை மாதக் காலையில் என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கையில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள்.

"வர்றவங்க எந்த ஊர்ல இருந்து வர்றாங்கன்னு கேக்கணும் மாமா. ஒரு டவுனு எவ்ளோ பெருசுன்னு கட்டடத்த பாத்து சொல்ல முடியாது. எவ்ளோ தூரத்துல இருந்து ஆளுங்க தேடி வர்றாங்கன்னு பாக்கணும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சாமிக்குக் கற்பூரம் காட்டியபின் அவளுக்கும் விபூதி கொடுத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தாள் யார் கைக்குப் போகும் என்று இரண்டு தடவை விசாரித்தேன்.

"வாத்தியார்கிட்ட. பேர் எழுத மாட்டேன் மாமா, ஊர் மட்டும்தான்."

அந்த ஊர்தான் எங்கள் பக்கத்தில் சிக்கல். இங்கே புதுச்சேரி, வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு, புதுச்சேரிச் சலுகைகளுக்காக இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் விலாசத்தில் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முதலில் வந்தவர், "எதுக்குமா? கார்ட வெட்டப் போறாங்களா?" என்றார். கத்தரி விதை கேட்டு வந்த ஒரு அம்மா, பர்சை மறந்துவிட்டதாகச் சொல்லிப் போனது போனதுதான். அப்புறம் இருபது வருஷமாக என்னிடம் வாங்குகிறவர் உளுந்து விதைக்கு வந்தார். வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். மருமகள் கேட்டதும், "செல்லிப்பட்டு" என்றார். அது இந்தப் பக்கத்து ஊர், அவர் கார்டில் இருக்கிற விலாசம். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். அப்புறம் வந்த சிலரும் அதே ஊரைத்தான் சொன்னார்கள்.

மத்தியானம் தாளை என்னிடம் காட்டினாள். "செல்லிப்பட்டுல இருந்தே இத்தினி பேர் வர்றாங்களே மாமா." முகத்தில் அத்தனை சந்தோஷம்.

எனக்குச் சுருக்கென்றது. சும்மா இருந்தால் அவள் படிப்பில் பொய் ஏறும். வாயைத் திறந்தால், என்னை நம்பி வருகிறவர்களை நானே காட்டிக்கொடுத்ததாகும். அப்புறம் கடைக்கு யார் வருவார்கள்? பின்னால் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவ்ளோ பேர் இல்லம்மா."

"அப்ப அவங்க எந்த ஊரு?"

"அத எங்கிட்ட கேக்காத."

அவள் தாளில் புதுக் கட்டம் ஒன்று போட்டாள். பிறகு, "எந்த பஸ்ஸுல வந்தாங்கன்னு கேட்டா சொல்லுவாங்களா? பஸ்ஸ வெச்சே தூரத்த கணக்கு போட்டுக்குவேன்," என்றாள். பஸ்ஸைச் சொல்ல யாருக்கு என்ன பயம் என்று நானும் தலையாட்டினேன். நானே கேட்பதாகவும் ஒத்துக்கொண்டேன். அது தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் அதே உளுந்துக்காரர், மருந்தடிக்கிற டேங்குக்கு வாஷர் கேட்டு வந்தார்.

"எந்த பஸ்ல வந்த?" என்றேன்.

"நடந்துதாண்ணே வந்தேன்."

சட்டைப் பையில் பஸ் டிக்கெட் எட்டிப் பார்த்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணே, இருவது வருசமா கேக்காதத இன்னிக்கு கேக்குற? நீயும் பரீட்ச எழுதுறியா?"

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் வாஷரை வாங்க கை நீட்டவில்லை. மருமகளின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள், என்ன எழுதட்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அந்த கட்டத்த காலியா வுடும்மா," என்றேன்.

"காலியா வுட்டா சார் கேப்பாரு மாமா."

"கேக்கட்டும். மாமனாரு சொல்ல வேணாம்னாருன்னு சொல்லு."

அவளுக்கு வருத்தம்தான். ஒரு கோடு மட்டும் கிழித்துவிட்டுப் பேனாவை மூடினாள். அவள் மூடியதை நன்றாகப் பார்த்த பிறகுதான் அவர், "யூரியா ரெண்டு மூட்ட போடுண்ணே," என்றார்.