முதல் அடி ஆட்டுக்காரிக்கு

விழுப்புரத்தில் நான் நர்ஸாக வேலை செய்யும் மருத்துவமனையில், நாய்க்கடி ஊசி போடும் அறையை எனக்கு ஒதுக்கியபோது கூட வேலை செய்கிறவர்கள் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அந்த அறை பிடித்திருக்கிறது. சுற்றுவட்டார நாய்கள் எல்லாவற்றின் குணத்தையும் நாற்காலியை விட்டு எழாமலே தெரிந்துகொள்ளலாம். கடிபட்டவர்களின் குணத்தையும்தான்.

போன வாரம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். புறவழிச்சாலை ஓரத்துப் புது நகரிலிருந்து காரில் வந்த ஒரு அம்மாவுக்குக் கணுக்காலில் கடி. "அவன் மேல தப்பே இல்ல சிஸ்டர். நான்தான் வாலை மிதிச்சிட்டேன். ரொம்ப சாஃப்ட் அவன்" என்றார். அவன் என்று அவர் சொன்னது தினமும் தான் சோறு வைக்கும் தெருநாயை. இன்னொருவர் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கெண்டைக்கால் காயத்தின் மேல் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு வந்திருந்தார்.

அவரிடம், "நாய் உயிரோட இருக்குதா? பத்து நாள் அதப் பாத்துக்கினே இருக்கணும்" என்றேன்.

"அது எங்க இருக்குது? கடிச்ச எடத்துலயே முடிச்சாச்சும்மா."

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார். "கொலகாரப் பாவிங்க" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"நாய்க்குப் பரிஞ்சிகினு வந்துட்டாங்க" என்றார் கிராமத்துக்காரர். "நாலு நாயக் கொண்டாந்து உங்க ஊட்டுக்குள்ள உட்டா தெரியும் பேஜாரு."

இரண்டு பேரையும் குழாயடிக்கு விரட்டி, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ வைத்தேன். ஒரே குழாய், ஒரே சோப்பு. திரும்பி வந்த கார்க்கார அம்மா போனை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். உள்ளே பிரித்த பிஸ்கெட் பொட்டலம். பாலும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை வந்ததும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றுவிட்டேன். எங்கள் ஏரிக்கரையின் வாசனை அது. ஏரிக்கரையில் சேறு நாறும், கோரைப்புல் மணக்கும், பிஸ்கெட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் காலனியில் நாய் வளர்ப்பது என்று ஒன்று கிடையாது. நாய் இருக்கும், அவ்வளவுதான். யார் வீட்டுக் கூழ்ச்சட்டியையாவது நக்கிக்கொண்டு, யார் வாசலிலாவது படுத்துக்கொண்டு. பெயர் கிடையாது. யாராவது தரையை நோக்கிக் குனிந்தால் போதும், கல்லைத் தொடுவதற்குள் ஓடிவிட வேண்டும். இந்த ஒரு பாடத்தைத்தான் எங்கள் நாய்கள் படித்திருந்தன. படிக்காத குட்டிகள் வளராமலே போயின.

பூனை விஷயம் வேறு. பூனையை அடித்தால் பாவம் என்று பயம். ஆகவே மீன் திருடும் பூனையைக் கோணிப்பையில் கட்டி, வழி தெரியாதபடி பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனத்தில் விட்டுவிட்டு வருவோம். ஒருமுறை அம்மாவோடு நானும் போனேன். மூட்டை அசைவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா உள்ள?"

"கோழிண்ணா."

அந்த நேரம் பார்த்து மூட்டை நீளமாகக் கத்தியது.

"உங்க ஊர்க் கோழி மியாவ்னுதான் கூவுமா?"

பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் அவமானம் தாங்கவில்லை, ஏனென்றால் நான் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்த வயதில் எனக்கு இருந்த கெத்தைப் பார்த்தால் கலெக்டரே எழுந்து நிற்க வேண்டும். மீன் மார்க்கெட் பின்னால் மூட்டையை அவிழ்த்துவிட்டு அம்மா, "இங்க மீனு கெடக்குது, பொழச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாங்கள் பூனையை டவுனுக்கு அனுப்பினோம். டவுன்காரர்கள் நாயை எங்களுக்கு அனுப்பினார்கள். ஏரிக்கரையில் கார் வந்து நிற்கும். கதவு திறக்கும், நாய் இறங்கும், கொஞ்சம் பிஸ்கெட்டைக் கொட்டுவார்கள், நாய் குனிந்ததும் கார் போய்விடும். கிராமத்தில் காற்று உண்டு, இடம் உண்டு, நல்ல மனசுக்காரர்கள் உண்டு என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. ஓடிப்போய் அந்த பிஸ்கெட்டுக்காக நாயோடு மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருத்தி. கிரீம் வைத்தது. கலெக்டர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இறங்கிய நாய்களில் பாதி, எங்கள் தெரு நாய்கள் குதறியதிலேயே செத்துப்போகும். மீதி கூட்டம் சேர்ந்து சவுக்குத் தோப்புக்குள் போய்விடும். அவற்றில் ஒன்று மட்டும் ஏரிக்கரையை விட்டு நகராது. பழுப்பு நிறம், கழுத்தில் சிவப்புத் தோல் பட்டை. அதன் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து அதற்குத் தின்னக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த ஞாயிறு வரை அது சாலையைப் பார்த்தபடி கிடக்கும்.

நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கரும்பு வெட்டப் போனவர், திரும்புவார் என்று எதிர்பார்ப்பதையே நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். அம்மாவிடம் ஆடுகள் இருந்தன, சினை ஆடுகள். குட்டி போட்டு, வளர்த்து விற்றுத்தான் என்னை நர்சிங் சேர்ப்பதாகத் திட்டம். ஒவ்வொரு ஆட்டின் வயிற்றையும் தடவிப் பார்த்து, "இது உன் ஃபீஸு, இது உன் துணிமணி" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரி உள்வாயில், தண்ணீர் வற்றிய புல்தரையில் மேயக் கட்டியிருந்த அந்த ஆடுகளை நாய்க் கூட்டம் கிழித்துப் போட்டது. கயிற்றில் கட்டியிருந்ததால் அவற்றால் ஓடவும் முடியவில்லை. நாங்கள் போனபோது ஒன்றுக்கு மட்டும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வயிறு திறந்து, மயிர் முளைக்காத குட்டி வெளியே கிடந்தது. அம்மா அழவில்லை. குட்டியின் மேல் மொய்த்த ஈயை ஓட்டினாள்.

சின்னராசுப் பெரியப்பா தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். எல்லார் கையிலும் சவுக்குக் கழி. கூட்டம் தோப்புக்குள் ஓடிவிட்டது. சிவப்புப் பட்டை நாய் மட்டும் ஓடவில்லை. இத்தனை பேர் வருகிறார்களே என்று சந்தோஷமாக எதிரே வந்தது. வாயெல்லாம் ரத்தம். வால் ஆடிக்கொண்டிருந்தது.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டைக் கடித்த நாயை அடிப்பதானால், ஆட்டுக்காரர்தான் முதல் அடி அடிக்க வேண்டும். அதற்கு முன் யாரும் கை ஓங்கக் கூடாது. ஆடு போனவருக்கு மட்டுமே அந்த உரிமை. அந்தப் பாவத்தின் முதல் பங்கும் அவருக்குத்தான். வட்டமாக நின்றார்கள். பெரியப்பா தன் கழியை அம்மாவிடம் கொடுத்தார்.

"ஜல்தியா போடு அஞ்சல. வெயிலு ஏறுது."

அம்மா கழியை ஓங்கினாள். நாய் பின்னங்காலில் உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி அவளிடம் நீட்டியது. டவுனில் கைகொடுக்கப் பழக்கியிருந்தார்கள்.

யாரோ சிரித்தார்கள், சட்டென்று நிறுத்தினார்கள். அம்மாவின் கை மேலேயே நின்றது. அப்போது கரைமேல் ஹாரன் சத்தம். நாய் எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து பறந்தது. அம்மா கழியோடு பின்னால் ஓடினாள். நாங்கள் அவள் பின்னால்.

கார்க்காரர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார். நாய் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"சார், இது உங்க நாய்தான?"

"எங்க நாய் இல்லம்மா. முன்னாடி இருந்துச்சி. இப்ப ஃப்ரீயா உட்டுட்டோம்."

"ஃப்ரீயா என் ஆட்டத் துன்னுட்டுதே சார். மொத்தமா போச்சே."

"பசிச்சா புடிச்சித் திங்கும், அது இயற்கை. கட்டையோட வர்றியே, அடிச்சீங்கன்னா மிருகவதை கேஸு, தெரியுமில்ல?"

"ஆடு மிருகம் இல்லியா சார்?"

அவர் கண்ணாடியை ஏற்றினார். அம்மாவின் முதல் அடி காரின் முன் விளக்கில் விழுந்தது. இரண்டாவது கண்ணாடியில். பொறுத்திருந்த மற்றவர்களுக்கு அது போதும். நாலாபக்கமும் கழி விழுந்தது. கார் கதறிக்கொண்டு பின்னால் வந்தது. பின் சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அவரும் உணர்ந்திருப்பார். நிற்கவில்லை.

நாய்க்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போயிருந்தது. முன்னங்கால்களால் மண்ணைப் பிடித்து, கார் போன திசையில் தன்னை இழுத்துக்கொண்டு போனது. ஊளையிடக்கூட இல்லை. அவ்வளவு ஆத்திரமாக வந்த ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அம்மா அதன் முன்னால் போய் மண்டியிட்டு, கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். பிறகு எழுந்து, தலையில் ஒரே அடி. அதன்பின் வழக்கப்படி தெரு முழுக்க அடிக்க வேண்டும். யாரும் அடிக்கவில்லை.

"போதும்" என்றார் பெரியப்பா.

நாய் கடித்த ஆட்டை நாங்கள் தின்பதில்லை. ஆடுகளையும் குட்டியையும் ஒரு குழியில் போட்டோம். நாய்க்குத் தனியாக ஒரு குழியை அம்மா தானே வெட்டினாள். அடுத்த மாதம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். அவள் தலையில் சுமந்த கல்தான் என் நர்சிங் படிப்பு. அதன் பிறகு அவள் ஆடு வளர்க்கவில்லை.

இப்போது அந்த ஏரிக்கரையில் மனை போட்டு, வளைவு வைத்து, ஒரு நகர் வந்துவிட்டது. கார்கள் நாயை விட வருவதில்லை. குடியிருக்கவே வந்துவிட்டன. சிலர் தட்டு வைத்துச் சோறு போடுகிறார்கள். சிலர் ஊராட்சிக்கு மனு எழுதுகிறார்கள். விடிந்தால் வேலி ஓரத்தில் இரண்டு மூன்று நாய்கள் வாயில் நுரையோடு விறைத்துக் கிடக்கின்றன. சோற்றில் எதையோ கலந்து வைக்கிறார்கள். அதே சோற்றைத் தின்று பூனைகளும் சாகின்றன. வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

போன பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது நகர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலுக்கே வந்தார். "உங்க பக்கத்து ஆளுங்கதான் மருந்து வைக்கிறாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேப்பைமாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தாள்.

"நான் அடிச்சா ஊரக் கூட்டி வச்சிகினுதான் அடிப்பேன் சார்."

அவர் திரும்பிப் போய்விட்டார். அம்மா அங்கேயே நின்று தெருவைப் பார்த்தாள். கூட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று வட்டமாக நின்றவர்களில் பாதிப் பேர் மெட்ராஸில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், மீதிப் பேர் அந்த நகரிலேயே வாட்ச்மேன். பகலிலும் கதவுகள் சாத்தியிருந்தன.