இரண்டாவது தாயம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். போன கார்த்திகையில், சிதம்பரத்தில், என் வீட்டில் நடந்தது இது. சத்தியம் செய்யக்கூட எனக்குத் தெம்பில்லை.

என் மனைவி வெண்மதி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கிள்ளையிலிருந்து அவள் தனியாகத் திரும்பும்போது ஸ்கூட்டர் சறுக்கியது. நான் அழவில்லை. கருமாதியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை அழுகை வந்தால் போதும் என்றிருந்தது.

பெங்களூரிலிருந்து நண்பன் அருண்பாண்டியன் ஒரு விளையாட்டை அனுப்பினான்.

"தனியா வெளாடுறது மச்சான். எதிராளி வேணாம். மனசுக்கு எதமா இருக்கும்."

மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். நான் சத்திரக்காரன். பகடை உருட்டினால் விருந்தாளி வருவார். சீட்டு எடுத்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அதைக் கொடுத்து, நாலு வார்த்தை பேசி, 'போய் வாருங்கள்' என்று அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் பகடை இல்லை. வெண்மதியின் பித்தளைத் தாயக்கட்டைதான் இருந்தது. கையில் எடுத்ததும், பழக்கதோஷத்தில் தாய ஆட்டத்தின் விதியையும் சேர்த்துக்கொண்டேன். தாயம் விழுந்தால்தான் உள்ளே வரலாம்.

மாலை 6.40. நல்ல மழை. கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உருட்டினேன். இரண்டு... நான்கு... மூன்று... தாயம் விழவே இல்லை. வாசலில் யாரோ காத்து நிற்பது போல ஒரு நினைப்பு. பயம் வந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை.

7.25. தாயம்.

வாசல் தாழ்ப்பாள்... 'டக்'.

சீட்டு எடுத்தேன். டீ. நிஜமாகவே போட்டு எதிரே வைத்தேன்.

தாயம் விழுந்தால் மறுபடி போட வேண்டும். போட்டேன்.

மறுபடியும் தாயம்.

சீட்டு எடுத்தேன். வெதுவெதுப்பான பால். எங்கள் வீட்டில் பால் குடிக்கிறவர்கள் யாரும் இல்லை. இருந்தும் ஆற்றி வைத்தேன்.

மெழுகுவத்தி அணைந்தது.

எதிரே...

சப்... சப்... சப்...

பல் முளைக்காத வாய்.

"மதி?"

சத்தம் நின்றது.

கரண்ட் வந்தபோது டீ ஆடை கட்டிக் கிடந்தது. பால் டம்ளர் காலி.

காலையில் எதிர்வீட்டு புஷ்பவள்ளி அக்கா கேட்டார்.

"நேத்து யாரு தம்பி வந்தது? இருட்டுல மொகம் தெரியல. மழையில எம்மா நேரம் நின்னாங்க! முந்தானையில கொழந்தைய மூடிக்கினு. நீ சட்டுனு தொறந்திருக்கக் கூடாதா? அப்பறந்தான் உள்ள போனாங்க."

எங்களுக்குக் குழந்தை இல்லை. வெண்மதியின் தங்கை தமிழ்ச்செல்வி வந்து போனாளோ என்று சேத்தியாத்தோப்புக்கு போன் போட்டேன்.

"நான் வரல மாமா." புஷ்பவள்ளி அக்கா குழந்தையைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். கேட்டதும் அழுதாள். "அக்கா யார்கிட்டயும் சொல்லாதன்னுச்சு... ரெண்டு மாசம் மாமா. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் அன்னிக்கி கெளம்பி வந்துச்சு."

அன்றைக்குத்தான் அழுதேன்.

இன்றும் பால் ஆற்றி வைக்கிறேன். டம்ளர் காலியாகிறது. 'போய் வாருங்கள்' என்று நான் இன்னும் சொல்லவில்லை.